கேட்காமல் செய்தவன்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இரண்டு உடம்பும் மாத்திரை எண்ணிக்கை கூடாமல் நடமாட்டமாக இருக்கின்றன. அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூன்று பேரும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். குட்டிப்பயலுக்கு முன்பல் விழுந்துவிட்டதாகப் போனில் சொன்னாய், விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே இருக்க விடாதே, புதுப் பல் கோணலாக வரும். போன கடிதத்தில், வீட்டை வாங்க ஆள் கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து, அடுத்த மாதக் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் நிரந்தரமாக உன்னிடமே வந்துவிடுகிறோம், அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தேன். நீயும் டிக்கெட் எடுத்துவிட்டாய், எங்கள் அறை ஜன்னலுக்குத் திரைகூட மாட்டிவிட்டாய். பாப்பா, மேற்கொண்டு உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு விழுந்த அடி நாலு நாளாகியும் தெளியவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் பஸ் டிப்போவில் ரிட்டயரான பதினாலு பேர் வேன் வைத்துக்கொண்டு ஒரு நாள் சுற்றுலா போனோம். ஒன்றரை மணி நேரத் தூரத்தில், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஊர் ஒன்றை அப்படியே கட்டி எழுப்பி டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். கல் பாவிய தெரு, குதிரை இழுக்கும் டிராம், அச்சுக்கூடம், கொல்லன் பட்டறை, பல் பிடுங்குகிற கடை, சிறைச்சாலை, மணிக்கூண்டு, எல்லாம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு அந்தக் காலத்து ஆட்களாகவே பழகுகிறார்கள், கைபேசியைக் காட்டினால் இது என்ன பெட்டி என்று கேட்கிறார்கள். ஏற்பாடு முழுக்க நான்தான். முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து ஒரு வண்டியைக்கூட அரை நிமிஷம் தாமதமாக வெளியே விடாதவன், இதை வேறு யாரிடம் கொடுப்பேன்? யார் எந்த சீட்டில், எந்த இடத்தில் எத்தனை நிமிஷம், எல்லாம் தாளில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டேன், பழைய விசிலையும் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மனைவிமார் வேண்டாம் என்று முடிவு செய்ததும் நான்தான், கூட்டம் கூடினால் நேரம் கட்டுப்படாது. அம்மாவிடம் டிப்போ ஆட்களோடு வெளியே போகிறேன் என்று மட்டும் சொன்னேன், எங்கே என்று சொல்லவில்லை. அவளுக்கும் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் தையல் வேலை, எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். எங்கே போய்த் தைக்கிறாள், கடையா, கம்பெனியா, யாருக்கு என்றால், எனக்குத் தெரியாது. துணி தைக்கப் போகிறாள், சாயங்காலம் வந்துவிடுகிறாள், அதற்கு மேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

உள்ளே நுழைந்ததுமே முதல் அதிர்ச்சி மணிக்கூண்டு. என் வாட்ச்சில் பத்து மணி, மேலே கடிகாரத்தில் பத்து ஆகப் பதினேழு நிமிஷம் இருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படியேறிப் போய் அங்கே இருந்த கடிகாரக்காரரிடம் கேட்டால், அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரும் சூரியனைப் பார்த்துத் தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொண்டது, இந்த ஊர் நேரம் இதுதான் ஐயா என்று சிரிக்கிறார். நேரத்தில் உன் நேரம் என் நேரம் என்று உண்டா பாப்பா? அவர் எண்ணெய்க் குப்பியை எடுக்கத் திரும்பின சமயத்தில் நான் எட்டி முள்ளைச் சரிபண்ணப் பார்த்தேன், கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது குதிரை டிராம். புறப்பட வேண்டிய நேரத்துக்கு நாலு நிமிஷம் தாண்டியும் குதிரை புல் தின்றுகொண்டிருக்கிறது. டிராம் ஓட்டுகிறவரிடம் டிரிப் ஷீட்டைக் காட்டச் சொன்னேன், அவர் குதிரையைக் கைகாட்டி அதுகிட்ட கேளுங்க என்றார். விசில் ஊதினேன். குதிரை மிரண்டு தானாகவே கிளம்பிவிட்டது, ஏறப்போன இரண்டு பேர் கீழேயே நின்றுவிட்டார்கள். ஆனாலும் சொல்லவேண்டும், டிராம் சவாரி அருமை, கல் தெருவில் அந்தச் சக்கரம் போகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அச்சுக்கூடத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்கி நம் பெயரை அச்சடித்துக் கையில் தருகிறார்கள், குட்டிப்பயல் பெயரை அடித்து வாங்கி வைத்திருக்கிறேன், இதோடு அனுப்புகிறேன். பல் பிடுங்குகிற கடையில் இருக்கிற குறடைப் பார்த்தால் உனக்குப் பல்வலி இருந்தாலும் பறந்துபோகும்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. அங்கே இருக்கிற பழைய பாணி உணவு விடுதியில் பதினாலு பேருக்கும் உப்பில்லாத சூப்பும் ரொட்டியும் நான் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன், இந்த வயதில் வேறு எது தின்றாலும் பிரஷர். பக்கத்து மேஜையில் எல்லாரும் வறுத்த மீனும் உருளைக்கிழங்குமாக வெட்டிக்கொண்டிருக்க, எங்கள் ஆட்கள் சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். உனக்கு எங்கள் கண்டக்டரைத் தெரியுமே, பாக்கிச் சில்லறை யாருக்கும் திருப்பிக் கொடுக்காததால் சில்லறை என்றே பெயர் வாங்கினவன், நீ குழந்தையாக இருந்தபோது நம் வீட்டுக்கு வந்து உன் காதைப் பிடித்துத் திருகுவானே, அவன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். சாப்பாட்டு விடுதிக்கு எதிரேதான் ஊர் நீதிமன்றம். அங்கே வாசலில் ஒரு மணி தொங்குகிறது. கூட வந்தவர்மேல் யாருக்காவது புகார் இருந்தால் அந்தக் கயிற்றை இழுக்கலாம், உடனே இரண்டு காவலர் வந்து அந்த ஆளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்கள், பார்க்கிறவர்கள் காலைத் தரையில் தட்டித் தீர்ப்புக்குச் சம்மதம் சொல்லவேண்டும், அந்த இடத்திலேயே அதிகக் கூட்டம் சேர்கிற காட்சி இதுதானாம். சில்லறை போய்க் கயிற்றை இழு இழு என்று இழுத்தான். நான் வாயைத் துடைப்பதற்குள் இரண்டு காவலர் என் இரண்டு கையையும் பிடித்துவிட்டார்கள். என் அட்டவணைப்படி அந்த நேரம் சிறைச்சாலைக்கு உரியது என்று சொன்னேன், அங்கேயும் அனுப்பலாம் ஐயா, அவசரப்படாதீங்க என்றான் ஒருத்தன்.

கூண்டில் நிறுத்தினார்கள். நூறு நூற்றிருபது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறார்கள். எழுத்தராக ஒரு பெண் தடிக் கோலைத் தரையில் தட்டி, கனம் கோர்ட்டார் வருகிறார்கள், எல்லாரும் எழுந்திருங்கள் என்று கூவினாள். கருப்பு அங்கி, தோள் வரைக்கும் சுருள் சுருளாக வெள்ளைப் பொய்முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, நீதிபதி வந்து உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காவலனைத் திட்டிக்கொண்டிருந்ததில் சரியாகப் பார்க்கவில்லை. அப்போது பின்னால் யாரோ கதவைப் படீர் என்று அடித்தார்கள். நீதிபதி நிமிராமலேயே, "அந்தக் கதவை மெதுவா சாத்துங்க, கீல் பாவம் இல்லையா" என்றார். பாப்பா, அந்த வார்த்தையை நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். பொய்முடிக்குக் கீழே உன் அம்மா.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, எனக்குக் கண் இமைகூட ஓடவில்லை. வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், நாம் பேசினால் ம் என்பவள், விருந்தாளி வந்தால் சமையலறைக்குள் போய்விடுகிறவள். அவள் அங்கே உட்கார்ந்து பேசுகிறாள், குரல் பின்சுவரில் போய் முட்டித் திரும்புகிறது. அவளும் என்னைப் பார்த்தாள். ஒரு நொடி கையில் இருந்த பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன், அவளுக்குப் பதிலாக நானே ஓடிவிடலாமா என்றும் நினைத்தேன். அவள் எழுத்தரைப் பார்த்து, "குற்றம் சாட்டப்பட்டவரின் தொழில்?" என்றாள். நான் நாக்கைப் பிரித்தெடுத்து, டைம் கீப்பர், ஓய்வு பெற்றவன் என்றேன். "ஓய்வா? யார் சொன்னது?" என்றாள். கூட்டம் சிரித்தது. அவர்களுக்கு என்ன தெரியும், இதெல்லாம் எழுதிவைத்துப் பேசுவது என்று நினைத்துக்கொண்டார்கள்.

சில்லறை எழுந்து புகாரை அடுக்கினான். யாரையும் கேட்காமல் சூப் சொன்னது, யாரையும் கேட்காமல் சீட் போட்டது, விசில் ஊதிக் குதிரையை விரட்டியது, ஊர்க் கடிகாரத்தின் முள்ளில் கை வைத்தது. பாதியில்தான் அவன் நீதிபதியின் முகத்தை ஊன்றிப் பார்த்தான். நம் வீட்டில் எத்தனை தடவை காபி குடித்தவன், தெரியாமல் போகுமா? பேயறைந்தவன் மாதிரி ஆகி, "அம்மா, நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்மா" என்றான். "கயிறை இழுத்தாச்சு, வாபஸ் கிடையாது, சாட்சியைக் கூப்பிடுங்க" என்றாள் உன் அம்மா. நம் ஆட்கள் ஒவ்வொருத்தராக எழுந்து நின்றார்கள். ஒவ்வொருத்தரிடமும் ஒரே கேள்வி, "உங்ககிட்ட கேட்டாரா?" ஒவ்வொருத்தரும் இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் எழுத்தரிடம், "எழுதிக்கோங்க." பதின்மூன்று இல்லை பாப்பா. கடைசியில் என்னைப் பார்த்து, ஏன் கேட்கவில்லை என்றாள். நான் உள்ளதைச் சொன்னேன், கேட்டால் நேரமாகும், பதினாலு பேரைக் கேட்டால் பதினாலு பதில் வரும், வண்டி கிளம்பாது என்றேன். கூட்டம் ஓவென்று கத்தியது. அது அடங்கும் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

அதுவரைக்கும் விளையாட்டு. அதற்குப் பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "சரி, வெளியில நேரமில்ல. வீட்டில? வீட்டில இருக்கறவங்ககிட்ட எதையாவது கேட்டுச் செஞ்சதுண்டா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, இப்பவே விடுதலை" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் அத்தனை பேருக்கும் கேட்டது. நான் யோசித்தேன் பாப்பா, கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு முப்பத்தாறு வருஷத்தையும் புரட்டினேன். இந்த வீட்டை வாங்கியது, நான் பார்த்தேன், வாங்கினேன். உன்னை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது, நான். உனக்கு மாப்பிள்ளை பார்த்தது, கல்யாணத் தேதி, நான். அவள் தையல் மெஷினை முன்னறையிலிருந்து மாடிப்படிக்கு அடியில் தள்ளியது, நான். சமையலறைச் சுவருக்குப் பச்சை அடித்தது, அவளுக்குப் பச்சை பிடிக்காது என்று பெயிண்ட் காய்ந்த பிறகு தெரிந்தது. எதைத் தொட்டாலும் நான், நான். கூட்டம் முதலில் சிரித்தது, அப்புறம் சிரிப்பு குறைந்தது, அப்புறம் யாரோ இருமுகிறது மட்டும் கேட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, குடை எங்கே என்று கேட்டிருக்கிறேன் என்றேன். கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளைக்கு மறுநாள் வீட்டுக் கையெழுத்து என்பது அப்போது எனக்கு நினைவு வந்தது, அம்மா நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று உனக்கு நான் எழுதியதும் நினைவு வந்தது. வீட்டை விற்பதைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை பாப்பா. கிளம்ப வேண்டும், சாமான்களைப் பிரித்து வை என்று சொன்னேன், அவள் ம் என்றாள். அந்த ம்-மைத்தான் சந்தோஷம் என்று உனக்கு எழுதிவிட்டேன்.

தீர்ப்புச் சொன்னாள். விசில் பறிமுதல். கேட்காமல் செய்தவன் என்று எழுதின மரப்பலகை கழுத்தில் தொங்கும். மாலை மணி அடிக்கும் வரைக்கும் குற்றவாளி வாயைத் திறக்கக் கூடாது, யாருக்கும் நேரம் சொல்லக் கூடாது, வழி காட்டக் கூடாது. கூட்டம் தரையைத் தட்டின தட்டில் புழுதி கிளம்பியது. பலகையை மாட்டிய காவலன்கூட, சாதாரணமா இரண்டு நிமிஷத்தில கழட்டிடுவோம் சார், இன்னைக்கு அம்மா ஏனோ கண்டிப்பா இருக்காங்க என்று பரிதாபப்பட்டான்.

அதற்கப்புறம் நான் பார்த்த ஊர் வேறு. எங்கள் ஆட்கள் அடுத்து எங்கே போவது என்று தெருவில் நின்று பேசினார்கள், ஒருத்தர் ஒருத்தரைக் கேட்டார்கள், இருபது நிமிஷம் ஆனது, எனக்கு உள்ளுக்குள் வெந்தது, வாயைத் திறக்க முடியவில்லை. கடைசியில் என் அட்டவணையில் நான் அடித்துவிட்டிருந்த கயிறு திரிக்கிற கொட்டகைக்குப் போனார்கள். நீளமான கொட்டகை, ஒரு முனையில் ஒருத்தர் கைப்பிடியைச் சுற்ற, மறுமுனையில் ஒருத்தர் நாரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கவேண்டும், நடுவில் கயிறு முறுக்கேறி வருகிறது. என்னைச் சுற்ற விட்டார்கள். மறுமுனையில் இருக்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் சுற்றவேண்டும், நம் இஷ்டத்துக்குச் சுற்றினால் அறுந்துவிடும், நான் மூன்று தடவை அறுத்தேன். அந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த இடங்களில் அது இரண்டாவது. முதலாவது எது என்று உனக்கே தெரியும். இரண்டு மணிக் காட்சிக்கும் மூன்று மணிக் காட்சிக்கும் நாலு மணிக் காட்சிக்கும் நழுவிப் போய்க் கடைசி பெஞ்சில் பலகையோடு உட்கார்ந்துகொண்டேன். குறட்டை விடுகிற ஒரு கிழவரை விசாரித்தாள், சாவியை ஒளித்துவைக்கிற ஒரு புதுப்பெண்ணை விசாரித்தாள், தம்பியின் மிட்டாயைத் தின்ற ஒரு வாண்டுக்குத் தம்பியை முதுகில் சுமந்து ஒரு சுற்று வரும்படி தண்டனை கொடுத்துவிட்டு, அந்தக் குழந்தை நடக்கிற அழகைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். தொண்டை தெரியச் சிரித்தாள் பாப்பா. நம் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை, நீ கேட்டிருக்கிறாயா என்று எழுது.

நாலு மணிக் காட்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு எழுத்தர் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் பேசக் கூடாது என்பதால் அவளே பேசினாள். எங்க நீதிபதி அம்மாவை உங்களுக்குப் பிடிச்சுப்போச்சு போல, எல்லாக் காட்சிக்கும் வர்றீங்க என்றாள். இந்த உடுப்பெல்லாம் அவங்க தச்சதுதான், தையல்காரங்களாத்தான் வந்தாங்க, பழைய நீதிபதிக்குத் தொண்டை போனதும் ஒரு நாள் சும்மா உட்காரச் சொன்னோம், அப்புறம் நாங்க விடல என்றாள். அவங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுஷராம், எதுக்குமே மறுப்புச் சொல்லமாட்டாராம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த மாசத்தோட போறாங்களாம், மக ஊருக்கு, அவங்களா எங்ககிட்ட சொல்லல, போன வாரம் புதுசா வர்ற பொண்ணுக்காகத் தன்னோட அங்கியைப் பிரிச்சுச் சின்னதாக்கிக்கிட்டு இருந்தாங்க, கேட்டப்பத்தான் சொன்னாங்க, வீட்டில முடிவு பண்ணிட்டாங்கன்னு என்றாள். பாப்பா, நான் அழுதேன். கழுத்தில் பலகையோடு அழுகிற கிழவனைப் பார்த்து அந்தப் பெண் பயந்துபோய் மணி அடிக்கப்போகுது சார், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று தேற்றினாள்.

மாலை மணி அந்த ஊர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு அடித்தது, என் வாட்ச்சில் ஐந்தேகால் தாண்டிவிட்டது. வேனை அனுப்பிவிட்டு ஊழியர் வாசலில் நின்றேன். உன் அம்மா தன் பையோடும் சாதாரண உடுப்போடும் வந்தாள், பலகையைத் தானே கழற்றி உள்ளே கொடுத்துவிட்டு, "மணி அடிச்சாச்சு, பேசலாம்" என்றாள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். பாதி வழியில்தான், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் கோபப்படக்கூட இல்லை. "சொன்னேன். மூணு தடவை. மொத தடவை நீங்க சரி, வரும்போது பல்பு வாங்கிட்டு வான்னீங்க. வாங்கிட்டு வந்தேன்" என்றாள். நான் நம்பவில்லை. வீட்டுக்குள் போனதும் நேராகக் குளிர்சாதனப் பெட்டியிடம் அழைத்துப்போய், நான் கதவில் ஒட்டியிருக்கிற தண்ணீர் மோட்டார் அட்டவணையை விரலால் தூக்கிக் காட்டினாள். அதற்கு அடியில் ஒரு தாள். மேலே அந்தப் பழங்கால ஊரின் முத்திரை, நாலு மாதத்துக்கு முந்தைய தேதி, அவள் பெயர், எந்த நாள் எத்தனை மணிக் காட்சி என்று கோடு போட்டு எழுதியது. அந்தத் தாளின் மேலேதான் நான் என் தாளை ஒட்டியிருக்கிறேன். ஒட்டும்போது அதைப் பார்த்திருப்பேன்தானே, என்ன பார்த்தேன் என்று எத்தனை யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

புதன்கிழமை காலையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, வீட்டை விற்கலாமா, பாப்பாவிடம் போகலாமா என்றேன். "கேக்கறீங்களா, சொல்றீங்களா?" என்றாள். கேட்கிறேன் என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "நான் வரலன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், "யோசிச்சுச் சொல்றேன், எனக்குப் பேரன் ஆசை இல்லாம இல்ல, ஆனா யோசிக்கணும்" என்றாள். எத்தனை நாள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். வீட்டுத் தரகரைக் கூப்பிட்டு வியாழக்கிழமைக் கையெழுத்தை நிறுத்தச் சொன்னேன், அவர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். வியாழக்கிழமை அவள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள், இன்றைக்கும் போயிருக்கிறாள். நான் அந்தப் பச்சைச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ டிக்கெட்டை என்ன செய்வதென்று என்னைக் கேட்காதே, அம்மாவைக் கேள். போனில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கா என்று நானே பதில் சொல்லி வைத்துவிடுவேன், இனிமேல் போனை அவளிடம் கொடு என்று அதட்டு. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், அவரிடமும் எதையாவது கேட்டுச் செய், அவரையும் உன்னைக் கேட்டுச் செய்யச் சொல். குட்டிப்பயலுக்கு முத்தம், அவன் பெயர் அச்சடித்த தாளை மடிக்காமல் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வை. குளிர் தொடங்கப்போகிறது, காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழவேண்டும்.

இத்தோடு இன்னொரு உறையும் வரும். நேற்று அம்மா சமையலறை மேஜையில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிப் பசை போட்டு ஒட்டித் தபாலில் போட என்னிடம் கொடுத்தாள். நான் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். "என்ன எழுதியிருக்கேன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள். கேட்கலாமா என்றேன். "கேக்கலாம். சொல்லணும்னு இல்ல" என்று சிரித்தாள், தொண்டை தெரிய. பாப்பா, நீ அங்கே போன இந்தப் பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அப்பா, அம்மா என்று இருந்ததே, அந்த அம்மாவையும் எழுதியது நான்தான். அவள் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உனக்கே மறந்திருக்கும். அந்த உறைமேல் அவள் எழுதின விலாசத்தைப் பார், ர-வுக்குக் காலை நீளமாக இழுத்து, கொஞ்சம் சாய்வாக, ரொம்ப அழகாக இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா மட்டும்